சாஆவில் தண்ணீர் ஏறும்போது எந்த ரேடியோவைக் கேட்பது?

தோசைக்கடை அக்கா (சாஆ, ஜொகூர், மலேசியா)

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் வந்துவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. அதனால் இப்போதே கேட்டு வைக்கிறேன். வெள்ளம் வரும்போல இருந்தால் எந்த ரேடியோவைக் கேட்பது? சிரிக்காதீர்கள். நான் பட்டதால் கேட்கிறேன்.

என் அப்பாவுக்கு 81 வயது. தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். மலாய் பேசுவார், ஆனால் அது கடைக்கும் கிராணிக்கும் போதுமான மலாய். செய்தி வாசிக்கிற வேகத்தில் வந்தால் பாதி கைநழுவிவிடும். அவருக்குத் துணை ஒரு பழைய பானசோனிக் ரேடியோ. காலை ஐந்து மணிக்கு நான் தோசைக்கல் போடும்போது அதுவும் பாட ஆரம்பித்தால் இரவு தலைமாட்டில்தான் அடங்கும். முள் தமிழ் நிலையத்தை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

2023 மார்ச் தொடக்கத்தில் வந்த வெள்ளம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் எப்போதும் டிசம்பரில் பயப்படுவோம், பொங்கல் பானை இறக்கியதும் இனிமேல் வராது என்று மூச்சு விடுவோம். அந்த வருடம் அப்படித்தான் ஏமாந்தோம். இரண்டு நாளாக மழை விடவே இல்லை. இரவு பத்து மணிக்கு அப்பாவிடம், “சாமானை மேலே ஏற்றட்டுமா?” என்று கேட்டேன். “ரேடியோவில் ஒன்றும் சொல்லலையே, போய்ப் படு” என்றார்.

படுத்தேன். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் துவாரத்தில் குபுக் குபுக்கென்று சத்தம், அங்கிருந்துதான் வந்தது. எழுந்து விளக்கைப் போட்டால் அடுப்படியில் மாவு அண்டா மிதந்து சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மறுநாள் கடைக்கு அரைத்து வைத்த மாவு. கேஸ் தோம்பு சாய்ந்து கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் கரண்ட்டும் போய்விட்டது. பாட்டரியில் ஓடுவதால் ரேடியோ மட்டும் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் அப்பாவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன், அதில் காதல் பாட்டு ஓடுகிறது. இன்றைக்கும் அந்தப் பாட்டு வந்தால் நான் நிறுத்திவிடுவேன்.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா. அவர் மாநில வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். எந்தச் சாலையை மூடிவிட்டார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் பிபிஎஸ் (வெள்ள நிவாரண மையம்) திறந்திருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கதவைத் தட்டி, “அப்பாவைக் கூட்டிக்கிட்டு என் காடியில் ஏறு” என்றார். விடிந்த பிறகு பிபிஎஸ்ஸில் உட்கார்ந்து நம் தமிழ் ரேடியோ செய்தியைக் கேட்டால், ஜொகூரில் சில மாவட்டங்களில் வெள்ளம் என்று ஒரே ஒரு வரி.

எந்த நிலையம் என்று பெயர் சொல்லப் போவதில்லை, சண்டைக்கு வரவில்லை. மக்சிக் காதுக்கு வந்தது என் அப்பா காதுக்கு ஏன் வரவில்லை? அது மட்டும் தெரிய வேண்டும்.

பழைய அறிவிப்பாளன்

அக்கா, நான் ஒரு தமிழ் வானொலியில் சில வருடம் பகுதி நேரமாக அறிவிப்பும் செய்தி மொழிபெயர்ப்பும் பார்த்தவன். உங்கள் கேள்வி என்னைக் கொஞ்சம் சுட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், நம் தமிழ் வானொலிகள் நாடு முழுவதற்கும் பேசுகின்றன. மின்னல் எஃப்எம் ஆனாலும் ராகா ஆனாலும் பெர்லிஸ் தொடங்கி ஜொகூர் வரை ஒரே ஒலிபரப்பு. வெள்ளம் அப்படி வராது, உங்கள் தெருவுக்கு வரும். அரசாங்க ஒலிபரப்பான ஆர்டிஎம்முக்கு மாநிலத்துக்கு ஒரு வானொலி உண்டு. உங்களுக்கு ஜொகூர் எஃப்எம். அவர்களுக்கு ஜொகூர்தான் உலகம், அதனால் சாலைப் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர் எல்லாம் சொல்ல நேரம் இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு மலாயில். உங்கள் அப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்.

இரண்டாவது, எச்சரிக்கை எங்கள் கைக்கு வருகிற விதம். வானிலைத் துறையான மெட் மலேசியா மலாயில் அனுப்பும், மாவட்டங்களை வரிசையாகப் போட்டு: சிகாமட், குளுவாங், மெர்சிங் என்று. சாஆ என்ற பெயரே அதில் இருக்காது, ஏனென்றால் சாஆ சிகாமட் மாவட்டத்துக்குள் அடக்கம். வீட்டில் கேட்கிற பெரியவர் என்ன நினைப்பார்? சிகாமட் பட்டணத்தில் மழை, நமக்கு என்ன என்று திரும்பிப் படுத்துவிடுவார். அறிவிப்பாளர் “சிகாமட் மாவட்டம், அதாவது லாபிஸ், சாஆ பக்கமும் சேர்த்து” என்று ஒரு மூச்சு கூடுதலாகச் சொன்னால் போதும். கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது தெரியாது. எனக்கே அப்போது தெரியாது.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. தொடர் மழைக்கு மெட் மலேசியா மூன்று படி வைத்திருக்கிறது: வஸ்படா, புரோக் (மோசம்), பஹாயா (ஆபத்து). ஆற்றின் மட்டத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ் வேறு படி வைத்திருக்கிறது: நோர்மல், வஸ்படா, அமாரான், பஹாயா. இப்போது வஸ்படாவைத் தமிழில் என்னவென்று சொல்வீர்கள்? எச்சரிக்கை. அமாரானை? அதுவும் எச்சரிக்கை. ஆறு ஒரு படி ஏறியிருக்கும், நான் மைக்கில் காலையில் சொன்ன அதே சொல்லை மாலையிலும் சொல்லியிருப்பேன். கேட்பவருக்கு ஆறு அசையவே இல்லை. ஒருநாள் மூத்த அறிவிப்பாளர் ஒருவர்தான், “டேய், மலாய்ச் சொல்லையே போடு, தோட்டத்துப் பாட்டிக்கும் பஹாயா என்றால் புரியும்” என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்தேன். தமிழைக் கெடுக்கிறான் என்று ஒரு நேயர் புகார் எழுதினார். எழுதட்டும்.

இன்னொன்று. இடிமழை எச்சரிக்கை என்று தனியாக ஒன்று வரும், மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால் விடுவார்கள். அதன் ஆயுள் ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு மணி நேரம்தான். பாட்டை நிறுத்தி உடனே சொன்னால் பயன். அடுத்த செய்தி நேரம் வரட்டும் என்று வைத்தால் ஊசிப்போன சாம்பார்தான். இரவில் இன்னும் மோசம். பல வானொலிகளில் நள்ளிரவுக்குப் பிறகு கணினிதான் பாட்டுப் போடும். நிறுத்துவதற்கு அறையில் ஆளே இருக்க மாட்டார்.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2005இல் கத்ரினா புயலில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மூழ்கியபோது, ஒன்றோடு ஒன்று போட்டி போடும் இரண்டு வானொலி நிறுவனங்கள் கைகோத்து ஒரே ஒலிபரப்பாக ஓட்டின. வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போன் போட்டு மைக்கிலேயே பேசினார்கள். பாட்டும் விளம்பரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஜேபி தம்பி

அக்கா, இந்தக் காலத்தில் ரேடியோவா? போனில் மைசுவாச்சா என்ற வானிலை ஆப் இருக்கிறது, எச்சரிக்கை தானாக வரும். ஜேபிஎஸ்ஸின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் ஆறு எத்தனை மீட்டர் என்று நீங்களே பார்க்கலாம். ரேடியோகூட ஆப்பிலேயே கேட்கலாமே.

தோசைக்கடை அக்கா

தம்பி, நீ சொன்ன இரண்டும் என் போனில் இருக்கிறது, மகள்தான் போட்டுக் கொடுத்தாள். மழைக்கு முன்னால் நல்ல சாமான், நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நடந்ததைக் கேள். தண்ணீர் ஏறினால் கரண்ட் பெட்டிக்கு ஆபத்து என்று கரண்ட் கம்பெனி டிஎன்பி நிறுத்திவிடும். அது சரிதான், இல்லையென்றால் ஆள் செத்துப்போகும். ஆனால் கரண்ட் போனால் போன் கோபுரமும் பாட்டரியில்தானே நிற்கிறது. விடிவதற்குள் லைன் இல்லை. ஆப்பில் கேட்கிற ரேடியோ ரேடியோவே இல்லை தம்பி, அது இணையம். லைன் போனால் அதுவும் போச்சு.

லைன் போவதற்கு முன்னால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக வந்தது என்ன தெரியுமா? அணை உடைந்துவிட்டது, ஓடுங்கள் என்று ஒரு குரல்பதிவு. யார் பேசினது, எந்த ஊர் அணை, ஒன்றும் கிடையாது. பிபிஎஸ்ஸில் ஒரு பாட்டி அதைக் கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. மக்சிக்கின் ரேடியோவில் அணையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை என்பதைப் பார்த்துத்தான் ஆறுதல்பட்டோம்.

அறிவிப்பாளர் ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிகாமட் என்றால் நாமும் சேர்த்தியா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

லாபிஸ் டீச்சர்

நான் வேலை செய்யும் பள்ளி ஒரு தடவை பிபிஎஸ்ஸாக இருந்தது. நடைமுறையில் உதவுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அலைவரிசை எண்ணை மழைக்கு முன்பே கண்டுபிடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் எண் வேறு. கோலாலம்பூரில் மின்னல் 96.3இல் வருகிறது என்று இங்கே வந்தும் அதே எண்ணில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்எம் அலை மலையைத் தாண்டி வளையாது, அதனால் பள்ளத்து வீட்டில் கரகரக்கும். ஏரியலை நீட்டி ஜன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் எங்கே வைத்தால் தெளிவாகக் கேட்கிறது என்று வெயில் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், பிபிஎஸ் பட்டியலை வாசிக்கும்போது பள்ளிகளின் அரசாங்கப் பெயரைத்தான் சொல்வார்கள்: எஸ்கே (மலாய்ப்பள்ளி) இது, எஸ்ஜேகேசி (சீனப்பள்ளி) அது. நம் ஆட்களுக்குச் சீனப்பள்ளி, கோயில் பக்கத்துப் பள்ளி என்றால்தான் தெரியும். எந்தப் பெயர் எந்தப் பள்ளி என்று ஒரு தாளில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டு வரிசையில் மலாய் நன்றாகத் தெரிந்த ஒரு பையன் ஜொகூர் எஃப்எம் கேட்பான், மற்ற வீடுகளுக்கு ஓடிப்போய்த் தமிழில் சொல்வான். ஆபத்தில் மாட்டினால் 999. வானொலிக்கு அழைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதையும் செய்தவர்கள் உண்டு.

பழைய அறிவிப்பாளன்

டீச்சர் சொன்ன பையனைத்தான் நாங்கள் நிலையத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு சின்ன ஊர்க்காரர்களுக்குத் தமிழிலேயே ஒரு வானொலி இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ராமேஸ்வரம் பக்கம் பாம்பனில் கடல் ஓசை என்று ஒன்று இருக்கிறது, 90.4இல். மீனவர்களுக்கான சமுதாய வானொலி. காற்றும் அலையும் எப்படி என்று அந்த ஊர் ஆட்களே அந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறார்கள். மாவட்டப் பட்டியலுக்கு அங்கே வேலையே இல்லை.

தோசைக்கடை அக்கா

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. நானும் அப்பாவும் ரேடியோவை ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டு முள்ளை மெதுவாகத் திருகினோம். ஜொகூர் எஃப்எம் தெளிவாகவே வருகிறது. இத்தனை வருடமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் முள்ளை நகர்த்தவில்லை. அப்பா சாமி தட்டிலிருந்து குங்குமம் எடுத்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். மின்னலுக்கு விபூதி. காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்றேன், கேட்கவில்லை. ராத்திரி அவர் தூங்கிய பிறகு மகளின் சிவப்பு நகச்சாயத்தை எடுத்து அதே இடத்தில் பூசிவிட்டேன். மக்சிக்கிடமும் பேசியாகிவிட்டது. இனிமேல் சிகாமட் என்று காதில் விழுந்த உடனே சுவரைத் தட்டுவார்.

ஒரே ஒரு சிக்கல். இந்த ரேடியோவுக்குப் பெரிய பாட்டரி வேண்டும், தடியாக இருக்குமே, அது. சாஆவில் இரண்டு கடையில் கேட்டேன், சின்னதுதான் வைத்திருக்கிறார்கள். லாபிஸில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், புதன்கிழமை அந்தப் பக்கம் போகிறேன்.