ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கி: இன்ஜின் சீறுகிறது, வண்டி எழும்ப மாட்டேன் என்கிறது. உதவி தேவை

அலைமேல்_நில் (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கி ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறேன். உடல் முழுக்க ஃபைபர். கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகு கட்டும் ஒரு பட்டறையில் அச்சு எடுத்து, ஐசோ ரெசினில் (பாலியஸ்டர் வகை) மேட், ரோவிங் என்ற இரண்டு வகைக் கண்ணாடி இழை விரிப்புகளையும் மாற்றி மாற்றிப் போட்டது. இன்ஜினும் பம்பும் பழைய யமஹா சூப்பர்ஜெட்டுடையவை: 701 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 144 மி.மீ. பம்ப். நீளம், அகலம் ஏறக்குறைய அதே சூப்பர்ஜெட் அளவுதான்.

உப்பனாற்றில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. முழு திராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுத்தால் சத்தம் சட்டென்று மாறுகிறது. இன்ஜின் வெறுமனே சுற்றுவதுபோலச் சீறுகிறது, ஆனால் தள்ளல் இல்லை. திராட்டிலைக் குறைத்தால் மறுபடி பிடிக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் ரொம்ப மோசம். மண்டியிட்டுக் கிளம்பினாலும் அப்படித்தான்.

பிளக் புதிது, கார்ப்பரேட்டர் சுத்தம் செய்தாயிற்று, இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருக்கிறது. இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) மாற்று என்கிறார்கள். அது வெளியூரிலிருந்துதான் வரவேண்டும், விலையும் அதிகம். அதற்கு முன்னால் வேறு என்ன பார்க்கலாம்?

ரெண்டு_சிலிண்டர் (புதுச்சேரி)

சொந்தமாக உடல் கட்டி இந்த அளவுக்குக் கொண்டுவந்ததற்கே முதலில் வாழ்த்துகள் தம்பி. இன்ஜினையும் இம்பெல்லரைச் சுற்றும் சாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கில் இருக்கும் ரப்பர் பிய்ந்திருக்குமோ? அப்படியானால் இன்ஜின் சுற்றும், சாஃப்ட் சுற்றாது. இல்லையென்றால் இம்பெல்லர் பிட்ச் (இதழின் சாய்வு) குறைவாக இருக்கலாம். பிட்ச் கூடிய இம்பெல்லர் போட்டால் ஆர்பிஎம் கட்டுக்குள் வரும்.

பட்டறை_ஃபைபர் (தேங்காய்த்திட்டு)

கப்ளிங் ரப்பர் இல்லை. அது பிய்ந்தால் மெதுவாகக்கூட ஓடாது, திராட்டிலைக் குறைத்ததும் திரும்பப் பிடிக்கவும் செய்யாது. இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது, இன்ஜினும் இம்பெல்லரும் நேரடி இணைப்பு. இணைப்பு முழுதாக இருந்தும் தள்ளல் இல்லையென்றால், பம்புக்குள் தண்ணீரோடு காற்றும் போகிறது என்று பொருள். அல்லது இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருக்க வேண்டும்.

பிட்ச் கூடிய இம்பெல்லரை இப்போது வாங்காதீர்கள். காற்று போகிற பம்பில் எந்த இம்பெல்லர் போட்டாலும் இதே சீற்றம்தான் வரும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரிதான் இது. ஸ்ட்ராவை விட்டுவிட்டு வாயைப் பெரிதாக்கிப் பயனில்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து இம்பெல்லர் இடைவெளியை அளந்தீர்களா? 0.6 மி.மீ. தாண்டினால் வளையம் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு, பக்கவாட்டில் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சும் துளை இருக்குமே, சீறும்போது அது ஒரே தாரையாக வருகிறதா, விட்டுவிட்டுத் துப்புகிறதா? மூன்று, இன்ஜினை அணைத்துச் சும்மா மிதக்க விட்டால் உள்ளே தண்ணீர் ஏறுகிறதா?

அலைமேல்_நில்

அளந்தேன் அண்ணா, நான்கு இதழ்களிலும்... மன்னிக்கவும், எங்களுடையது மூன்று இதழ் இம்பெல்லர். எல்லாவற்றிலும் 0.3 தான் வருகிறது. முனைகளிலும் அடி இல்லை.

துளையில் தண்ணீர் மெதுவாகப் போகும்போது தாரையாக வருகிறது. சீறும்போது துப்பித் துப்பி வருகிறது, நடுவில் வெறும் காற்று.

மிதக்க விட்டால் தண்ணீர் ஏறுகிறது, உண்மைதான். காலையில் கரையோரம் கட்டிப்போட்டு மதியம் பார்த்தால் அடியில் நன்றாகத் தேங்கியிருக்கிறது. ஆனால் ஓட்டும்போது கூடுவதில்லை. அதனால் மூடியின் ரப்பர் வழியாகத்தான் வருகிறது என்று நினைத்தேன்.

பட்டறை_ஃபைபர்

இதோ பிடிபட்டுவிட்டது. மூடி வழியாக வந்தால் ஓட்டும்போதுதான் அதிகம் வரவேண்டும். அலை தெறிப்பதும் வண்டி கவிழ்வதும் அப்போதுதானே! நிற்கும்போது மட்டும் ஏறுகிறது என்றால் ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

நிற்கும்போது வெளித் தண்ணீரின் அழுத்தம் உள்ளே தள்ளுகிறது, அதனால் தண்ணீர் கசிகிறது. முழு திராட்டில் கிளம்பும்போது இம்பெல்லர் இழுக்கிற வேகத்தில் அதற்கு முன்னால் இருக்கும் சுரங்கத்தில் (அடியிலிருந்து பம்புக்குத் தண்ணீர் வரும் வழி) அழுத்தம் குறைந்துவிடும். அப்போது அதே ஓட்டை எதிர்த்திசையில் வேலை செய்யும். உள்ளேயிருக்கும் காற்று அதன் வழியாகப் பம்புக்குப் போகும். வேகம் எடுத்துவிட்டால் தண்ணீர் தானாகவே சுரங்கத்துக்குள் திணிக்கப்படும், இழுப்பு குறையும். அதனால்தான் கிளம்பும்போது மட்டும் இவ்வளவு மோசம். குளிர்விக்கும் தண்ணீரையும் பம்பிலிருந்துதான் எடுக்கிறோம், அதனால் துளையிலும் காற்று துப்புகிறது. இது தள்ளலோடு நிற்கும் பிரச்சினை இல்லை, சிலிண்டர் சூடேறிப் பிடித்துக்கொள்ளவும் வழி. கண்டுபிடிக்கும்வரை முழு திராட்டில் வேண்டாம்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: இன்ஜினுக்குப் பின்னால் சாஃப்டைத் தாங்கும் பேரிங் வீட்டின் சீல், அங்கிருந்து உடலுக்குள் போகும் ரப்பர் குழாய், சாஃப்ட் குழாயை உடலோடு ஒட்டிய ஃபைபர் இணைப்பு. கம்பெனி வண்டியில் முதல் இரண்டு. கையால் கட்டிய வண்டியில் நான் மூன்றாவதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சோதிப்பது எளிது. உள்ளே துணியால் ஒற்றி முழுக்கக் காயவையுங்கள். இந்த மூன்று இடத்தைச் சுற்றியும் முகப் பவுடரைத் தூவி, வண்டியைத் தண்ணீரில் இறக்கி, மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஈரம் எங்கே முதலில் கோடு போடுகிறதோ அதுதான் இடம்.

முகத்துவாரம் (அரியாங்குப்பம்)

பம்புக்கும் உடலுக்கும் இடையே உள்ள சீலண்டையும் பாருங்கள். அதில் இடைவெளி இருந்தால் உள்ளே தண்ணீர் வராது, ஆனால் காற்று போகும். சிலிக்கான் அங்கே நிற்காது, பாலியூரிதேன் சீலண்ட் போடுங்கள்.

சோதனை ஓட்டம் பற்றி ஒரு வேண்டுகோள். இந்த வண்டியில் திராட்டிலை விட்டால் திருப்பமும் போய்விடும், ஏனென்றால் பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் சுக்கான். பயந்து கையை விட்டால் நேராகப் போய் எதிலாவது மோதும். படகுகள் நிற்கும் பக்கம் ஓட்டாதீர்கள். நிறுத்தும் கயிறு (விழுந்தால் இன்ஜினை அணைப்பது) மணிக்கட்டில் இருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அடியில் இரண்டடிக்குமேல் தண்ணீர் இல்லாத இடத்தில் ஸ்டார்ட் செய்தால் மணலை உறிஞ்சி வளையத்தைத் தின்றுவிடும். வலை விரித்திருக்கும் நேரத்தில் ஆற்றில் இறங்கவே வேண்டாம். நைலான் நூல் சாஃப்டில் சுற்றினால் உங்கள் சீலும் போகும், மீன்பிடிக்கிறவரின் அன்றைய பிழைப்பும் போகும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அலைமேல்_நில்

பவுடர் சொல்லிவிட்டது! சீலைச் சுற்றி, ரப்பர் குழாயைச் சுற்றி எல்லாம் காய்ந்தே இருந்தது. சாஃப்ட் குழாய் உடலுக்குள் நுழையும் இடத்தில், கீழ்ப்பக்கமாக, மெல்லிய கோடு விழுந்தது. குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதைச் சுற்றி மேட் போட்டு ஒட்டியிருந்தது விட்டுப்போயிருக்கிறது. மேலே இன்னொரு அடுக்கு ஃபைபர் போட்டால் போதுமா?

பட்டறை_ஃபைபர்

போதாது. பாலியஸ்டர் ரெசின் ஸ்டீலை நன்றாகப் பிடிக்காது, அதிர்வில் மறுபடி விடும். இன்ஜினை இறக்கி, குழாயைச் சுற்றி இருப்பதைச் சுரண்டி எடுங்கள். ஸ்டீலையும் ஃபைபரையும் 40 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, எபாக்ஸியில் ஒட்டுங்கள். எபாக்ஸி பழைய பாலியஸ்டர் மேல் பிடிக்கும். ஆனால் இறுகிய எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது, அதனால் மேலே போடும் அடுக்கும் எபாக்ஸியாகவே இருக்கட்டும்.

பட்டறையில் பாலியஸ்டர் வேலை நடக்கும்போது ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்ற யாரையும் விடாதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.

அது ஏன் விட்டது என்பதும் முக்கியம். இன்ஜின் கப்ளிங்கும் சாஃப்ட் கப்ளிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் சாஃப்ட் குழாயை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டி முடித்ததும் இரண்டு கப்ளிங் மேலும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து மேலேயும் பக்கத்திலேயும் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் இன்ஜின் காலுக்கடியில் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்யுங்கள். இதில் அவசரப்பட்டால் எபாக்ஸியும் நிற்காது.

அலைமேல்_நில்

எல்லாம் முடித்துவிட்டு இப்போதுதான் ஆற்றிலிருந்து வருகிறேன். நீங்கள் சொன்னபடியே நேர்கோட்டிலும் விலகல் இருந்தது, இன்ஜினின் பின்கால் இரண்டிலும் ஷிம் ஏற வேண்டியிருந்தது. மிதக்க விட்டுப் பார்த்தோம், உள்ளே சொட்டுக்கூட இல்லை. பிறகு முழு திராட்டில் கொடுத்தேன். வண்டி முதுகைத் தூக்கிக்கொண்டு எழும்பியது, கையை இழுத்த இழுப்பில் ஹேண்டிலை விடாமல் பிடிப்பதே வேலையாகிவிட்டது. துளையில் தண்ணீர் அறாமல் தாரையாக வருகிறது. அண்ணா, ரொம்ப நன்றி.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. வேகம் கூடினால் மூக்கு மேலும் கீழும் குதிக்கிறது.

ரெண்டு_சிலிண்டர்

அருமை தம்பி! குதிப்பதற்கு முதலில் நிற்கும் இடத்தை ஒரு சாண் முன்னால் கொண்டுபோய்ப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் அடியில் பின்பக்கம் பம்பை மூடியிருக்கும் ரைடு பிளேட் என்ற தகடு உடலோடு சமமாக இருக்கிறதா என்று நீளமான ஸ்கேல் வைத்துப் பார்த்து, படத்தை இங்கே போடுங்கள்.

உப்பனாறு உப்புத் தண்ணீர், ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகு பைப்பைத் திறக்க வேண்டும், பைப்பை மூடிய பிறகு இன்ஜினை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும்.