வெள்ளி மையில் அச்சிட்ட மயில்: தோகை எரியவில்லை, உதவுங்கள்

மயில்வாகனன், கியூர்பிப், மொரிசியஸ்:
மாலைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் மயில் படம் போட்ட தைப்பூசக் காவடி அட்டை ஒன்று செய்கிறேன். இன்க்ஜெட் பிரிண்டரில் மின்சாரம் கடத்தும் நானோ வெள்ளி மை ஊற்றி, பளபளப்பான போட்டோத் தாளில் மின்தடங்களை அச்சிட்டேன். 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. மயிலின் அலகில் உள்ள சிவப்பு எல்.இ.டி. பளிச்சென்று எரிகிறது, தோகையில் உள்ள மூன்று நீலமும் செத்துக் கிடக்கின்றன. தடம் 1 மி.மீ. அகலம், தோகை வரை 20 செ.மீ. நீளம். மை விற்கும் விலையில் இன்னொரு தாள் அச்சிடக் கை வரவில்லை.

ரோஸ்ஹில் ரேடியோக்காரர்:
பூச்சுள்ள பக்கத்தில்தானே அச்சிட்டீர்கள்? மறுபக்கம் மையைக் குடித்துவிடும். ஒரு தடத்தின் இரு முனையிலும் மீட்டர் வைத்து மின்தடையைப் பாருங்கள்.

மயில்வாகனன்:
பூச்சுப் பக்கம்தான் ஐயா. 42 ஓம்.

ரோஸ்ஹில் ரேடியோக்காரர்:
மையில் குறையில்லை. தடத்தை அதன் அகலமே நீளமான சதுரங்களாக வெட்டியதாக நினையுங்கள்; இந்த மையில் ஒரு சதுரத்துக்குச் சுமார் 0.2 ஓம் வரும். 1 மி.மீ. அகலத்தில் 20 செ.மீ. என்றால் 200 சதுரம், 40 ஓம். போக ஒன்று, வர ஒன்று, ஆக 80. செம்பு என்று எண்ணி வரைந்துவிட்டீர்கள். அகலத்தை 5 மி.மீ. ஆக்குங்கள், 16 ஓமுக்கு இறங்கும்.

டர்பன் அக்கா:
தம்பி, அது மட்டும் போதாது. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட் அருகே வேண்டும். எல்லாவற்றையும் இணையாகக் கட்டியதால் சிவப்பு மின்னோட்டத்தை இழுத்துப் பேட்டரியின் அழுத்தத்தையே இறக்கிவிடுகிறது. பந்தியில் முதல் இலைக்காரனே பானையைக் காலி செய்த கதை. சிவப்பைக் கழற்றிப் பாருங்கள்.

மயில்வாகனன்:
கழற்றினேன். நீலம் மூன்றும் மின்மினி போல! கையைக் குவித்து மறைத்தால்தான் தெரிகிறது.

டர்பன் அக்கா:
அப்படியானால் இரண்டு குறையும் உண்டு. தடத்தை அகலமாக்குங்கள், சிவப்புக்கு மட்டும் தொடராக ஒரு மின்தடை வையுங்கள். வாங்கக்கூட வேண்டாம். அதே மையில் அரை மி.மீ. கோட்டை 50 செ.மீ. நீளத்துக்கு மயில் கழுத்தில் நெளித்து நெளித்து வரைந்தால் 200 ஓம். சால்டரிங் அயர்னை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். தாள் கருகும், தடத்தின் வெள்ளி உருகிய சால்டரில் கரைந்துவிடும். மின்கடத்தும் பசை போதும்.

மயில்வாகனன்:
நான்கும் எரிகின்றன! ஆனால் அட்டையை மடித்ததும் நடுத்தோகை அணைந்துவிட்டது.

ரோஸ்ஹில் ரேடியோக்காரர்:
மடிப்பில் வெள்ளி வெடித்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் செம்பு நாடா ஒட்டுங்கள். கியூர்பிப் மழையைச் சொல்ல வேண்டுமா? ஈரத்தில் வெள்ளி வேர் போல வளர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும். தடங்கள் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள்.