கராஃப்: ஒரே சிஎஃப்ஜி ஃபைலுக்கு இரண்டு கான்ஃபிக் வருகிறது, உதவுங்க

வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆர்டர் சர்வர். அப்பாச்சி கராஃப் 4.2.6 (பண்டில் எனும் ஜாவா நிரல் தொகுப்புகளை ஏற்றி ஓட்டும் சர்வர்), ஜாவா 8, உபுண்டு 18.04, போஸ்ட்கிரெஸ்.

போன சனிக்கிழமை டிஸ்க் நிறைந்ததால் கராஃப் ஃபோல்டர் முழுவதையும், டேட்டா ஃபோல்டரோடு சேர்த்து, ஆர்சிங்க் மூலம் வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம். பாதையும் மாறிவிட்டது. அன்றிலிருந்துதான் தொல்லை.

கராஃபின் இடிசி ஃபோல்டரில் ஓஆர்ஜி.ஓப்ஸ்4ஜே.டேட்டாசோர்ஸ்-பில்லிங்.சிஎஃப்ஜி என்ற கான்ஃபிக் ஃபைல் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் கான்ஃபிக்:லிஸ்ட் கொடுத்தால் அதே ஃபேக்டரி பிஐடியில் (ஒரே வகைக் கான்ஃபிக்குகளுக்கான பொது அடையாளப் பெயர்) இரண்டு. எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று காட்டும் ஃபெலிக்ஸ்.ஃபைல்இன்ஸ்டால்.ஃபைல்நேம் ஒன்றில் பழைய பாதை, மற்றதில் புதியது. டேட்டாபேஸ் இணைப்பு தரும் டேட்டாசோர்ஸ் சர்வீசும் இரண்டு. சர்வீஸ் ரேங்கிங் (முன்னுரிமை எண்) சமம் என்பதால் முதலில் பதிவான பழையதையே பண்டில்கள் பிடிக்கின்றன. ஃபைலில் பாஸ்வேர்ட் மாற்றினாலும் புதியதில் மட்டும் ஏறுகிறது. பழையதில் லாகின் தோல்வி.

ஃபைலைத் திருத்திச் சேமித்தோம், பண்டிலை ரீஸ்டார்ட் செய்தோம், கராஃபையே நிறுத்தி ஏற்றினோம். பயனில்லை. டெஸ்ட் சர்வரில் கான்ஃபிக்:டெலீட் கொடுத்தபோது தவறான பிஐடியைக் கொடுத்துவிட்டு, இடிசியில் இருந்த ஃபைலே அழிந்தது. அதனால் இங்கே அதைத் தொடத் தயக்கம். டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு ஏற்றும் க்ளீன் ஸ்டார்ட்டும் முடியாதுங்க: சில ஃபீச்சர்கள் கையால் ஏற்றியவை, தொடக்கத்தில் தானாக ஏறும் ஃபீச்சர்ஸ்பூட் வரிசையில் இல்லை, டேட்டா போனால் அவையும் போய்விடும்.

க்ளீன் செய்யாமல், பழைய பாதை ஒட்டியிருக்கும் கான்ஃபிக்குகளை மட்டும் பத்திரமாக நீக்க எது சரியான வழிங்க?