மறு: பிரிவென்ட் என்பதற்குத் ‘தடுப்பு’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

வேலை நெருக்கடியில் இரண்டு நாள் எட்டிப்பார்க்க முடியவில்லை, அதற்குள் பிரிட்டிஷ் பயங்கரவாத எதிர்ப்பு உத்தியின் நான்கு தூண்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழை இவ்வளவு நீண்டுவிட்டது. ஒரே மூச்சில் படித்தேன். பலவற்றில் உடன்பாடு, ஒன்றில் மட்டும் கடுமையான மறுப்பு. அதைச் சொல்லத்தான் இந்த மடல், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நான்குக்கும் தகர வரிசையில் சொல் கிடைத்துவிட்டது: தடுத்தல், துரத்தல், தற்காத்தல், தயாராதல். ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, நமக்கும் மோனை வாய்த்திருக்கிறது.

மோனை நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் மோனைக்காகப் பொருளை வளைக்கிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: நாம் பேசிக்கொண்டிருப்பது பிரிட்டிஷ் அரசின் கான்டெஸ்ட் என்ற பயங்கரவாத எதிர்ப்பு உத்தி. (மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் இந்தப் பெயரைப் போட்டால் ‘போட்டி’ என்று வருகிறது. அதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்.) 2003-இல் அமைச்சரவை அலுவலகத்தில் டேவிட் ஓமண்ட் தலைமையில் உருவானது. லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தது 2005 ஜூலை 7, அதற்கு அடுத்த ஆண்டுதான் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டார்கள். அப்புறம் 2009, 2011, 2018, 2023 என்று திருத்திக்கொண்டே வருகிறார்கள். தூண்கள் மட்டும் அதே நான்கு: பிரிவென்ட் (Prevent), பர்ஸ்யூ (Pursue), புரொடெக்ட் (Protect), பிரிப்பேர் (Prepare). முதல் இரண்டும் தாக்கக்கூடிய ஆளைப் பற்றியவை, பின் இரண்டும் நம் பக்கத்து ஓட்டைகளைப் பற்றியவை.

இதன் குறிக்கோளாக எழுதியிருப்பதைப் பாருங்கள். மக்கள் அச்சமில்லாமல் அன்றாட வேலையைப் பார்க்கும்படி ஆபத்தைக் குறைப்பது. குறைப்பது, அவ்வளவுதான். நம் பத்திரிகைகள் எழுதும் ‘பயங்கரவாத ஒழிப்பு’ இங்கே பொருந்தாது. கொசு ஒழிப்பு, லஞ்ச ஒழிப்பு என்று பெயர் வைத்து நாம் ஒழித்தது நமக்கே தெரியும். ‘எதிர்ப்பு’ போதும். அதேபோல ‘வியூகம்’ வேண்டாம், போர்க்களம் வந்துவிடுகிறது. இலங்கை நண்பர்கள் சொல்லும் ‘மூலோபாயம்’ சரியான சொல்தான், தமிழ்நாட்டில் படிப்பவருக்கு நாக்கு சுளுக்கும் என்பதுதான் சிக்கல். ‘உத்தி’யே இருக்கட்டும்.

இனி என் மறுப்பு. பிரிவென்ட் என்றால் தடுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டது நானும்தான். நான் திருநெல்வேலிக்காரன், எனக்குத் தடுப்பு என்றதும் தடுப்பூசி, தடுப்புச்சுவர், தடுப்பணை இவைதான் நினைவுக்கு வரும். பிரிவென்ட் பற்றிப் பெற்றோருக்கான இரண்டு பக்கப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. எதை முடித்தாலும் அடுத்த வீட்டு அன்ரியிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம், யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், எழுபதைத் தாண்டியவர், என் தமிழில் எது ஓடாது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். “உங்கள் மகன் தடுப்புத் திட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டால்” என்று வாசித்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“தம்பி, பொடியனைத் தடுப்பில போடப் போறாங்களோ?”

அப்போதுதான் உறைத்தது. அவர் ஊர்ப் பேச்சில் ‘தடுப்பு’ என்றால் தடுப்புக்காவல், தடுப்பு முகாம். ‘தடுப்பில இருந்தவர்’ என்றால் வேறு விளக்கமே தேவையில்லை. இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் வந்தபோது, வழக்கே போடாமல் 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதை வீட்டுக்கு வீடு அனுபவித்தவர்களிடம் போய் ‘தடுப்புத் திட்டம், பயப்படாதீர்கள்’ என்றால் யார் நம்புவார்கள்? போதாததற்கு, பிரிட்டன் 2001-இல் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும் இவர்கள் நினைவில் அப்படியே இருக்கிறது. தடை, தடுப்பு இரண்டும் அந்த வீட்டில் ஒரே வாடை அடிக்கும் சொற்கள்.

பிரிவென்ட் சொல்லிக்கொள்வதோ நேர் எதிரானது. குற்றம் எதுவும் நடக்காத கட்டத்தில், யாராவது பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படுகிறார்களா என்று பார்த்து விலக்கி எடுப்பது. 2015-இல் வந்த சட்டம் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், மருத்துவமனை, சிறை, உள்ளாட்சி என எல்லாவற்றுக்கும் இதைக் கடமையாக்கியது. கூடுதல் உதவி தேவைப்படுபவர்களைச் சேனல் என்ற குழு கவனிக்கும், அதில் சேர சம்மதம் வேண்டும், சிறுவராக இருந்தால் பெற்றோர் சம்மதம். இதெல்லாம் நடைமுறையில் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது, ஒரு சமூகத்தையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்களா என்பது பெரிய சண்டை. முஸ்லிம் அமைப்புகள் பலவும் ஆசிரியர்கள் சிலரும் அப்படித்தான் குற்றம் சாட்டுகிறார்கள். பிரிவென்டை ஆராய அரசு நியமித்த வில்லியம் ஷாக்ராஸ் 2023-இல் கொடுத்த ஆய்வறிக்கைக்குப் பிறகும் அது ஓயவில்லை. அந்த வழக்கில் கலைச்சொல் தீர்ப்பு சொல்லக்கூடாது, இரண்டு பக்கத்தாரும் பயன்படுத்தக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும்.

> தடுப்பூசி என்ற நல்ல பொருளும் இருக்கிறதே? நோய்த்தடுப்பு மாதிரிதானே இதுவும்?

அக்கா, ஊசியை ஊருக்கே போடுவார்கள். இங்கே வகுப்பில் முப்பது பேர் இருக்க ஒரு பையன் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கு ஊசி உவமை ஆறுதல் தராது.

என் முன்மொழிவு ‘முன்காப்பு’. வருமுன் காப்பது என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான், சுருக்கினால் அதுதான் வருகிறது. உடனே கேட்பீர்கள், காப்பு என்றால் புரொடெக்டோடு மோதாதா என்று. மோதும். ஆகவே புரொடெக்டுக்குப் ‘பாதுகாப்பு’ போடாமல் ‘அரண்’ என்று போடுவோம். அந்தத் தூண் பேசுவதே எல்லை, விமான நிலையம், கூட்டம் கூடும் இடம், வண்டி ஏறிவராமல் நடைபாதையில் நட்டிருக்கும் இரும்புக் குத்துக்கால் இவற்றைத்தான். அரண் என்றால் சொல்லும்போதே படம் தெரிகிறது.

பர்ஸ்யூவுக்குத் ‘துரத்தல்’ நாயை விரட்டுகிற மாதிரி, ‘பின்தொடர்தல்’ சமூக ஊடகப் பொத்தான் ஆகிவிட்டது. உளவு, புலனாய்வு, கைது, வழக்கு எல்லாம் அடங்க வேண்டும். துப்புத் துலக்குவது என்ற நம் போலீஸ் கதைத் தமிழிலிருந்து ‘துலக்கல்’ எடுக்கலாம் என்பது என் ஆசை. பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. இதில் பிடிவாதம் கிடையாது.

பிரிப்பேருக்குத் ‘தயார்நிலை’ ஏன் கூடாது என்று கேட்டிருந்தார் ஒருவர். 2017 மே 22, மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்த இரவு, தீயணைப்பு வீரர்கள் சில மைல் தள்ளி ஒரு நிலையத்தில் கூடித் தயார்நிலையில்தான் நின்றார்கள். சம்பவ இடத்துக்கு வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விசாரணை ஆணையம் அதைப் பக்கம் பக்கமாகக் கண்டித்திருக்கிறது. யார் யாரிடம் பேசுவது, யார் முதலில் உள்ளே போவது என்று முன்கூட்டியே சேர்ந்து பழகியிருப்பதுதான் பிரிப்பேர். அதற்கு ‘ஆயத்தம்’ நெருங்கி வருகிறது, இலங்கையில் அனர்த்த ஆயத்தம் என்று ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

தீவிரவாதம், பயங்கரவாதம் இரண்டையும் பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதுவதை நாமும் செய்தால் தொலைந்தோம். பிரிட்டிஷ் அரசு இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது, 2024 மார்ச்சில் தீவிரவாதத்துக்கு மட்டும் புதிய வரையறை ஒன்றை வெளியிட்டது. அப்புறம் ராடிக்கலைசேஷன், அதாவது ஒருவர் தீவிரவாதக் கருத்துக்குள் போவது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் ஒளிந்துகொள்ளலாம், தமிழ் விடாது. ‘தீவிரமயமாதல்’ என்றால் பையன் தானாக மாறினான், ‘தீவிரமயமாக்கல்’ என்றால் யாரோ மாற்றினார்கள். தன்வினையா பிறவினையா என்பதில் பழி யார்மீது என்பதே மாறுகிறது. 2015 சட்டம் ‘இழுக்கப்படுவது’ என்று செயப்பாட்டு வினையில்தான் பேசுகிறது, பிரசுரத்தில் நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

ரெஃபரல் என்பதற்குப் பிரசுரத்தில் போட்டிருந்த ‘பரிந்துரை’யையும் நீக்கிவிட்டேன், வேலைக்குச் சிபாரிசு மாதிரி ஒலிக்கிறது. ‘ஆற்றுப்படுத்தல்’ என்று மாற்றி வாசித்தபோது அன்ரி தலையை ஆட்டினார். “அது கவுன்சலிங் எல்லோ, அதுக்குப் போகலாம்” என்றார். சரியாக அதே பொருள் இல்லை என்று தெரியும், வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பிரசுரம் அச்சுக்குப் போகிறது, முன்காப்பு பற்றி அதற்குள் சொல்லிவிடுங்கள். அடுத்த வேலையும் வரிசையில் நிற்கிறது. 2025-இல் நிறைவேறிய, மார்ட்டின் சட்டம் என்று அழைக்கப்படும் புதிய சட்டப்படி 200 பேராவது கூடக்கூடிய இடங்கள் தாக்குதல் நேரத்தில் என்ன செய்வது என்று நடைமுறை வகுக்க வேண்டும், நம் கோயில்களும் மண்டபங்களும் அதில் வரும். ஆட்களை வெளியே கொண்டுபோனால் வெளியேற்றம். தெருவில் ஆபத்து இருக்கும்போது உள்ளே கொண்டுவந்தால்? ‘உள்ளேற்றம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆபத்து நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும் லாக்டவுனுக்கு ஊரடங்கு, கதவடைப்பு இரண்டுமே ஆகாது, ஒன்று கொரோனா, இன்னொன்று ஆலைத் தகராறு. ‘தாழிடல்’ எப்படி இருக்கிறது?