ஆட்டோ முறையில் துணி காய்வதற்கு முன்பே ட்ரையர் நின்றுவிடுகிறது: ஈரப்பத சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் ட்ரையரில், ஈரத்தைத் தானே அறிந்து நின்றுகொள்ளும் ஆட்டோ முறையைத் தேர்ந்தெடுத்தால், ஏறக்குறைய கால் மணி நேரத்திலேயே வேலை முடிந்ததாக ஒலி எழுப்பி நின்றுவிடுகிறது. கதவைத் திறந்து பார்த்தால் துண்டுகளும் தடித்த காற்சட்டைகளும் அப்போதுதான் பிழிந்து போட்டவை போல இருக்கின்றன. நேரத்தை நாமே குறித்து ஓடவிடும் முறையில் அதே துணிகள் நன்றாகக் காய்ந்துவிடுகின்றன. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்தே பயன்படுத்துகிறோம். பார்க்க வந்த பழுதுநீக்குநர், ஈரப்பத சென்சார் கெட்டுவிட்டது என்றும், எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையான கண்ட்ரோல் போர்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது என்றும் சொல்லிச் சென்றார். எதையும் அளந்து பார்க்காமல் அவர் அப்படிச் சொன்னதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பாகங்களை வாங்குவதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே உறுதிசெய்ய வழி உண்டா? மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பயன்படுத்தவும் தெரியும்.

மறுமொழி 1

வணக்கம். நேர முறையில் துணி காய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பெரிய துப்பு. அந்த முறையில் எந்திரம் சென்சாரைப் பொருட்படுத்தாமல் குறித்த நேரம் வரை ஓடுகிறது என்பதால், ஹீட்டர், மோட்டார், காற்று வெளியேறும் பாதை ஆகியவற்றில் பெரிய குறை இல்லை என்று கொள்ளலாம். நேர முறையிலும் துணி ஈரமாகவே இருந்திருந்தால் நான் சென்சாரைப் பற்றிப் பேசவே மாட்டேன். காற்றுக்குழாய் அடைப்பைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

பழுதுநீக்குநர் சொன்னதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலான ட்ரையர்களில் ஈரப்பத சென்சார் என்பது டிரம்முக்குள், பல நேரம் பஞ்சு வடிகட்டியின் வாய்க்கு அருகில், பக்கத்துப் பக்கத்தில் பதித்த இரண்டு உலோகப் பட்டைகள் மட்டுமே. ஈரத்துணி சுழலும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால், துணியில் உள்ள நீர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறது. துணி காயக் காய மின்தடை ஏறுகிறது, தொடுகைகளும் பதிவாகாமல் போகின்றன. போர்டு அதைக் கவனித்து, உலர்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறது. வெறும் உலோகப் பட்டைகளில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? கெடுவது பெரும்பாலும் பட்டையின் மேற்பரப்பு அல்லது பட்டையிலிருந்து போர்டுக்குச் செல்லும் கம்பி.

துணி மென்மைக்காகவும் மணத்துக்காகவும் ட்ரையருக்குள் போடும் தாள்களைப் பயன்படுத்துகிறீர்களா? அவற்றிலிருந்து உருகிப் பரவும் மெழுகு போன்ற பொருள் பட்டைகளின் மீது மெல்லிய படலமாகப் படிகிறது. துணி மென்மையாக்கும் திரவமும் நாளடைவில் இதையே செய்யக்கூடும். படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஈரத்துணி பட்டையைத் தொட்டாலும் போர்டுக்கு அது காய்ந்த துணியாகவே தெரிகிறது. கண்ணுக்கு உலோகம் பளபளவென்று இருப்பதால் சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, டிரம் ஆறிய பிறகு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் இரண்டு பட்டைகளையும் அழுத்தித் துடையுங்கள். துணியில் அழுக்கு ஏறாமல் வரும்வரை தொடருங்கள். உப்புத்தாளோ இரும்பு நாரோ வேண்டாம்; பட்டையையும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் கீறிவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், கதவைத் திறந்து வைத்து அது முழுவதும் ஆவியான பின்பே எந்திரத்தை இயக்க வேண்டும். இதில் சற்றும் அவசரம் கூடாது.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னது சரி. துடைத்தும் மாற்றம் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள்.

மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, சென்சார் கம்பிகள் போர்டில் சேரும் இணைப்பானைக் கழற்றுங்கள். போர்டு எங்கே இருக்கிறது என்பது எந்திரத்துக்கு எந்திரம் மாறும். கையேட்டிலோ உள்ளே ஒட்டியிருக்கும் மின்சுற்றுப் படத்திலோ பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு பட்டையிலிருந்தும் அதன் கம்பி முடியும் முனைவரை மின்தடையை அளந்தால், ஏறக்குறைய சுழி ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது பட்டையின் பின்புற இணைப்பு கழன்றிருக்கிறது. டிரம் ஓயாமல் அதிர்வதால் இது நடக்கக்கூடியதே. அடுத்து, அந்த இரண்டு கம்பி முனைகளுக்கும் இடையே அளந்துபாருங்கள். பட்டைகள் உலர்ந்திருக்கும்போது இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். ஈரத்துணியைப் பட்டைகளின் குறுக்கே அழுத்தி வைத்தால் மின்தடை தெளிவாக இறங்க வேண்டும். எந்த எண் வருகிறது என்பது நீரையும் துணியையும் பொறுத்தது. இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இவ்வளவும் சரியாக இருந்து, ஆட்டோ முறை அப்போதும் முன்கூட்டியே நின்றால் மட்டுமே போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

உலர்ந்த நிலையிலேயே இரண்டு முனைகளுக்கும் இடையே இணைப்பு காட்டினால் அது நேர்மாறான குறை: அப்போது எந்திரம் எப்போதும் ஈரம் என்றே நினைத்து நிற்காமல் ஓடும். உங்கள் அறிகுறி அதுவல்ல.

ஒரு எச்சரிக்கை: சில ட்ரையர்களில் இரண்டு பட்டைகள் இருக்காது; டிரம்மே ஒரு மின்முனையாக இருக்கும். அவற்றில் டிரம்முக்கு மின் தொடர்பு தரும் பகுதி தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் எந்திரத்தில் இரண்டு பட்டைகள்தான். மணத் தாள்களையும் தொடர்ந்து பயன்படுத்தி வந்தோம். ஆல்கஹாலால் துடைத்தபோது வெண்துணியில் பழுப்பு நிறம் ஏறியது. அதன் பிறகு டிரம் முக்கால் பங்கு நிறையத் துணி போட்டால் ஆட்டோ முறையில் சரியாகக் காய்கிறது. மல்டிமீட்டர் அளவுகளும் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. ஆனால் ஓரிரு சட்டைகளை மட்டும் போட்டால் இன்னும் முன்கூட்டியே நிற்கிறது. இது போர்டின் குறையா?

மறுமொழி 3

போர்டை வாங்க வேண்டாம். சில துணிகள் மட்டும் இருக்கும்போது அவை டிரம்மின் ஒரு பக்கமாகவே உருண்டு, பட்டைகளை அரிதாகத்தான் தொடும். தொடுகை குறைந்ததை எந்திரம் உலர்ந்ததாக எடுத்துக்கொள்கிறது. பெரிய போர்வை சுருண்டு உருண்டையாகிவிட்டாலும் இப்படித்தான்: வெளிப்புறம் காய்ந்து பட்டையைத் தொட, உள்ளே ஈரம் அப்படியே தங்கிவிடும். சிறு சுமைக்கு நேர முறையையே பயன்படுத்துங்கள், அல்லது துண்டுகள் சிலவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.

எந்திரத்தில் உலர்வு அளவைக் கூட்டும் வசதி இருந்தால் ஒரு படி கூட்டிப் பார்ப்பதும் பயன் தரும். நீரில் கரைந்த உப்புகள் குறைவாக இருந்தால் அது மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும் என்பதால், மென்னீரில் துவைத்த துணி உண்மையில் இருப்பதைவிடக் காய்ந்ததாகச் சென்சாருக்குத் தோன்றலாம். இதற்காகவே சில எந்திரங்களில் தனி அமைப்பு இருக்கிறது.

பஞ்சு வடிகட்டியின் வலையையும் ஒருமுறை குழாய் நீரில் பிடித்துப் பாருங்கள். தாள்களின் படலம் அங்கேயும் படியும். நீர் தடையின்றி ஓடிப் போகாமல் வலையில் தேங்கி நின்றால், சிறிது சோப்பும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள். தாள்களை முழுவதும் விட்டுவிட மனமில்லையென்றால், மாதத்துக்கு ஒருமுறையாவது பட்டைகளைத் துடைத்து வையுங்கள்.