நோர்மண்டிக்குப் பிறகும் கார்போவை ஜெர்மனி ஏன் நம்பியது?

கல்லடியான்:
இரண்டாம் உலகப் போரின் நோர்மண்டித் தரையிறக்கம் பற்றி வாசிக்கிறேன், ஒரு இடம் விளங்கவே இல்லை. கார்போ என்பது ஒரு உளவாளியின் ரகசியப் பெயர், ஜெர்மனிக்கு வேலை செய்வதாக நடித்து பிரிட்டனுக்கு வேலை செய்தவர். தாக்குதல் பிரான்சின் கலே துறைமுகப் பக்கம்தான் என்று அவர்களை நம்ப வைத்தவர். 1944 ஜூன் 6 நேச நாட்டுப் படை வந்து இறங்கியதோ நோர்மண்டியில். அத்தோடு ஆள் பிடிபட்டிருக்க வேண்டுமே? ஜூலை கடைசியில் ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கமே கொடுத்திருக்கிறது. அவ்வளவு மொக்கர்களா?
(எங்கட ஊர்க் கதைகளை இதற்குள் இழுக்க வேண்டாம், தயவுசெய்து.)

மருதமுனைக் காக்கா:
தம்பி, ஜூன் 6 விடியப்புறத்தைக் கவனியுங்க. படை கரையில் இறங்குவதற்குச் சில மணிநேரம் முன்னால் உண்மைச் செய்தியையே மட்ரிட்டில் இருந்த ஜெர்மன் உளவு அலுவலகத்துக்கு அனுப்ப பிரிட்டிஷ்காரர் கார்போவை விட்டார்கள், அந்த நேரத்தில் தெரிந்தாலும் ஜெர்மனியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று கணக்குப் போட்டுத்தான். மட்ரிட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை, காலையில்தான் எடுத்தார்கள். அது இன்னும் வாய்ப்பாகப் போயிற்று. நேரத்தோடு சொன்னவர் இவர், தூங்கினது அவர்கள். உயிரைப் பணயம் வைத்து அனுப்பினால் இப்படியா என்று பிறகு நன்றாக ஏசியும் விட்டார்!

அப்புறம் ஜூன் 9 அதிகாலை ஒரு நீளமான செய்தி: நோர்மண்டி கவனத்தைத் திருப்பும் வேலை, அமெரிக்க ஜெனரல் பாட்டனின் (Patton) படை இன்னும் தென்கிழக்கு இங்கிலாந்தில் அசையாமல் நிற்கிறது, பெரிய அடி இனித்தான் என்று. பாட்டன் உண்மையான ஜெனரல், அவருக்குக் கீழே இருந்ததாகச் சொன்ன படைதான் பெரும்பாலும் கடதாசியில். அதற்காக இரும்புக் குழாயிலும் கன்வசிலும் போலிப் படகு கட்டி நிறுத்தி, பொய் வானொலிப் பேச்சும் ஓட விட்டார்கள். ஆக, கலே பற்றிச் சொன்னது பிழையில்லை, இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். ஜெர்மனியின் 15ஆம் படையில் பெரும்பகுதி வாரக்கணக்காக அங்கேயே காத்துக் கிடந்தது.

களுவாஞ்சிக்குடி வாசகன்:
காக்கா சொன்னது சரி, ஆனால் அதற்கு முன்னால் போட்ட அத்திவாரத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? ஆளின் உண்மைப் பெயர் ஹுவான் புஜோல், பார்சிலோனாக்காரர். முதலில் லிஸ்பனில் இருந்துகொண்டே லண்டனில் இருப்பதாக அறிக்கை எழுதினார், ஒரு லீட்டர் வைனுக்காக எதையும் செய்கிற ஆட்கள் கிளாஸ்கோவில் இருக்கிறார்கள் என்று! பியரும் விஸ்கியும் குடிக்கிற ஊர் அது, இருந்தும் ஜெர்மனி அதை விழுங்கியது. 1942இல் பிரிட்டனுக்குப் போன பிறகு டோமாஸ் ஹாரிஸ் என்ற அதிகாரியோடு உட்கார்ந்து 27 கற்பனை உளவாளிகளை உருவாக்கினார். அதில் லிவர்பூலில் இருந்தவன் கப்பல்கள் புறப்பட்டதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்று வந்ததும், வருத்தம் வந்து செத்துவிட்டான் என்று பேப்பரில் மரண அறிவித்தலும் போட்டார்கள். இல்லாத அந்த விதவைக்கு ஜெர்மனி பணம் கொடுத்தது!

இன்னொன்று, ஜெர்மன் ரகசியத் தந்திகளை பிரிட்டன் வாசித்துக்கொண்டிருந்தது. எந்தப் பொய் விலைபோகிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்ததைச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் புஜோலின் மூளையை விட இதுதான் பெரிய காரணம்.

வாழைச்சேனை ரவி:
ஐரோப்பாவையே ஏன் பார்க்கிறீர்கள்? தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனுக்குக் கீழ் ஜப்பானை ஏமாற்றும் பிரிவுக்குத் தலைவர் பீட்டர் பிளெமிங். அவர் வைத்திருந்த ஆள் பகத் ராம் தல்வார், 1941இல் சுபாஷ் சந்திர போஸை காபூல் வரை கூட்டிப்போனவர். ஜெர்மனிக்கும் வேலை, ரஷ்யாவுக்கும் வேலை, பிரிட்டனுக்கும் வேலை. அவருக்கும் ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது. கார்போவுக்குக் கிடைக்கிற பேரில் பாதி கூட இந்த மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

கல்லடியான்:
இப்ப விளங்குது, நன்றி காக்கா, நன்றி அண்ணன்மாரே. புஜோல் பிறகு என்ன ஆனார்?

களுவாஞ்சிக்குடி வாசகன்:
1949இல் அங்கோலாவில் மலேரியாவில் செத்துவிட்டதாகக் கதை கட்டிவிட்டு வெனிசுவேலாவில் போய் இருந்தார். 1984இல்தான் வெளியே வந்தார்.