மறு: டேஷ்கேமரா மின்னிணைப்புக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா), தமிழ் வகுப்பு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். இம்முறை கதை வேண்டாம், கையால் செய்யும் வேலை ஒன்றைப் பற்றிப் பாடம் கொடுங்கள் என்று மாலை வகுப்பில் பெரியவர்கள் கேட்டார்கள். பள்ளி வேன்களில் டேஷ்கேமரா, அதாவது முன்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சாலையைப் பதிவு செய்யும் கேமரா, பொருத்தப் போகிறோம். அதற்கு நம்பகமான மின்னிணைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். பேட்டரியின் வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் இணைப்பைத் தானாக நிறுத்தும் பகுதி இருக்கிறதே, அதை எப்படி அழைப்பது? ‘குறைமின்னழுத்தத் துண்டிப்பு அமைப்பு’ என்று எழுதினேன். வகுப்பில் வாய்விட்டு வாசித்தவர் பாதியில் மூச்சு வாங்கினார்.

பீனிக்ஸ் (டர்பன்), வாகன மின்பணியாளர்:

அக்கா, முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜரை நம்பியவர்கள்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகிறார்கள். வண்டி குலுங்கக் குலுங்கச் செருகி தளர்ந்துவிடும். வேண்டிய காட்சி மட்டும் பதிவில் இருக்காது. பியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கும் இணைப்பில் பெரும்பாலும் மூன்று கம்பிகள். மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள பியூசுக்கு, சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் பியூசுக்கு, கறுப்பு வண்டியின் உடலில் பெயிண்ட் இல்லாத உலோகத்துக்கு. தயாரிப்பாளர் குறிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் பியூசைத் தொடவே கூடாது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வண்டி நிற்கும்போது கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால், மூன்று நாளில் ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். திங்கட்கிழமை காலை வேன் கிளம்பாது. அதைத் தடுக்கத்தான் இந்தப் பகுதி. தமிழில் ‘வோல்ட் வெட்டி’ என்று போடுங்கள், யாருக்கும் புரியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, விளக்கம் அருமை. சொல்லை ஏற்க மனம் வரவில்லை. வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை என்று பயனற்றதைத்தானே வெட்டி என்கிறோம்? வண்டியைக் காக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வேண்டாம். மின்வெட்டை இத்தனை ஆண்டுகள் அனுபவித்த நாட்டில் ‘வெட்டு’ நல்ல நினைவையும் தராது.

என் பரிந்துரை ‘மின்தாழ்’. தாழ் என்றால் தாழ்ப்பாள். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்பது 71ஆம் குறள். அதே தாழ், கீழிறங்குவதைக் குறிக்கும் வினையுமாகும். அழுத்தம் தாழும்போது தாழிடுகிறது. இரண்டு பொருளும் இரண்டே எழுத்தில் வந்து அமர்ந்துவிட்டன.

லெனேசியா (ஜோகன்னஸ்பர்க்), பொறியாளர்:

ஐயா, அழகை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பொருள் இருப்பதே கலைச்சொல்லுக்குக் கேடு. ஜோகன்னஸ்பர்க்கில் மின்சாரக் கேட் இல்லாத தெரு ஏது? மின்தாழ் என்றால் கேட்டின் பூட்டு என்றுதான் நினைப்பார்கள். ‘தாழ்வோல்ட் துண்டிப்பான்’ என்று வைத்தால் குழப்பமில்லை.

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள்: எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நிறைந்த ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டோ சற்று மேலோ காட்டும். 12.0 என்றால் ஏறக்குறைய கால்பங்குதான் மிச்சம். பதிவு நீளட்டும் என்று 11.6இல் வைப்பவர்கள் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் குளிர்கால இரவுகளுக்கும் பழைய பேட்டரிக்கும் 12.2 நல்லது. நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்குத் தனி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கலாம். ஓடும்போது அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், நிற்கும்போது கேமராவுக்குக் கொடுக்கும், வண்டியின் பேட்டரியைத் தொடாது. விலைதான் அதிகம். உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அம்மா, வோல்ட் என்பது வோல்ட்டா என்ற இத்தாலிய அறிஞரின் பெயரால் வந்தது. அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆனால் வோல்ட் அலகு, மின்னழுத்தம் பண்பு. தாழ்வது அழுத்தம், அலகு எப்படித் தாழும்? எடை குறைந்த மூட்டையைத் ‘தாழ்கிலோ மூட்டை’ என்போமா?

சொற்கள் சேரும் புணர்ச்சி விதியையும் பார்ப்போம். மின், பின், பன், கன் ஆகிய நான்கும் தொழிற்பெயர்போல உகரம் பெறும் என்பது தொல்காப்பிய விதி. முறைப்படி மின்னுத்தாழ், மின்கலமும் மின்னுக்கலம் ஆக வேண்டும். வழக்கு வேறாக நிலைத்துவிட்டதால் விட்டுக்கொடுக்கிறேன். தாழ் பிடிக்காவிட்டால் ‘மின்மடை’ எப்படி? மடையை அடைத்தால் ஏரியில் மிச்ச நீர் நிற்கும். மடைப்பள்ளியில் வரும் மடை சோற்றைக் குறிப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்று தனியே எழுத வேண்டும்.

பீனிக்ஸ்:

ஐயா, மடை என்றால் என் பட்டறைப் பையன்களுக்கு மடையன்தான் நினைவுக்கு வரும். ஏரிப் பாசனத்தை அவர்கள் கண்டதில்லை. நான் துண்டிப்பானுக்குக் கை தூக்குகிறேன்.

அக்கா, இதையும் சேருங்கள்: கேமராவுக்குள் லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர்கெபாசிட்டர் (சிறிது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பகுதி) உள்ளதாக வாங்க வேண்டும். டர்பன் கோடையில் முன்கண்ணாடிக்குப் பின்னால் காயும் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். மின்சாரம் நின்றதும் கடைசிக் கோப்பைச் சேமித்து மூடச் சில விநாடி போதும். சூப்பர்கெபாசிட்டர் அதற்குத் தாங்கும்.

சாட்ஸ்வொர்த்:

ஐயா சொன்ன அலகு-பண்பு வேறுபாடு சரி, வோல்ட்டை எடுத்துவிட்டேன். முதலில் வரும் இடத்தில் ‘பேட்டரி காப்புத் துண்டிப்பான்’, பிறகு ‘துண்டிப்பான்’. மூவர் ஒப்புக்கொண்டோம், அச்சுக்கு அனுப்புகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அச்சைத் தடுக்க மாட்டேன் அம்மா. ஆனால் வீட்டில் மின்கசிவு வந்தால் நிறுத்துவதும் துண்டிப்பான், பியூஸ் செய்வதும் துண்டிப்பு. இது எதைத் துண்டிப்பது என்று மாணவர் கேட்பார். மறுபதிப்பு வந்தால் மின்தாழை மீண்டும் முன்வைப்பேன். சூப்பர்கெபாசிட்டருக்கு மட்டும் மீமின்தேக்கி என்று போட்டுவிடுங்கள்; மின்தேக்கி பாடநூலில் உள்ள சொல்தான்.